ரோசாப்பூ டப்பி

சாய்ந்தமருது
12.11.1981

அன்புள்ள சுபைறா ராத்தாவுக்கு, தங்கை சித்தி லைலா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா, நான், ஜவுபர் மச்சான் மூவரும் அல்லாஹ்வின் காவலில் குறையில்லாமல் இருக்கிறோம். ஜித்தாவில் உங்கள் உடம்பும் அப்படியே இருக்க வேண்டும் என்று உம்மா ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறா.

முதலில் நல்ல செய்தி. எனக்கு நியமனம் வந்துவிட்டது. ஒலுவிலில் பள்ளிக்கூடம். காலையில் அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறினால் நேரே கொண்டுபோய் விடும். முதல் நாள் பிள்ளைகள் "குட் மோர்னிங் டீச்சர்" என்று எழும்பியபோது நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், வேறு யாரும் வந்திருக்கிறார்களோ என்று. சூறாவளி கொண்டுபோன கூரைக்கு ஓடு போட்டு முடிந்தது. மழைக்கு இனிப் பயமில்லை. மச்சானும் அக்கரைப்பற்றில் துணிக்கடையைத் திறந்துவிட்டார்.

நீங்கள் அனுப்பிய படம் கிடைத்தது. உம்மா அதைக் கையில் எடுக்கவும் மச்சான் எட்டிப் பார்த்து, "இது சுபைறாவா, சுபைறாட உம்மாவா?" என்றார். உம்மா விடுவாவா? "ஏன் தம்பி, என்னைப் பார்த்தா அவ்வளவு மோசமாவா இரிக்கி?" என்று திருப்பிக் கொடுத்தா. நாங்கள் மூன்று பேரும் சிரித்துச் சிரித்துக் களைத்துவிட்டோம். நீங்களும் சிரிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சாப்பாட்டைக் கவனித்துக்கொள்ளுங்கள். வஸ்ஸலாம்.

அன்புத் தங்கை,
சித்தி லைலா


ஜித்தா
20.12.81

என்ட தங்கச்சி லைலாக்கு ராத்தா எழுதுற. அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உம்மாட முழங்கால் நோவு எப்பிடி? உனக்குச் சளி குறைஞ்சிட்டா?

நியமனம் வந்ததைக் கேட்டு ரெண்டு றக்அத் தொழுதன். எங்கட குடும்பத்தில ஒருத்தி டீச்சர். பேராதனைக் கம்பசில படிக்கக்குள்ள உனக்கு வைச்ச கெட்ட பேர்களெல்லாம் இனி ஊராக்கள் வாயில வராது.

இங்க நடந்ததொண்டு சொல்றன், நீயும் சிரி. வந்த புதுசில குப்பைக் கூடைக்குள்ள எல்லாம் அரபெழுத்துக் கடதாசி. குர்ஆன்ட எழுத்தைக் குப்பையில போடுறதா? மீன் சுத்தின கடதாசி, சவர்க்காரப் பெட்டி எல்லாத்தையும் பொறுக்கித் துடைச்சு அலுமாரிக்கு மேல அடுக்கி வைச்சன். வீட்டுக்காரம்மாவை இங்க மாமா எண்டுதான் கூப்பிட வேணும். மாமா கண்டுட்டு வயித்தைப் பிடிச்சிக்கொண்டு சிரிச்சா. அது சவர்க்காரத்திட விலையாம், காசை எடுத்துக் காட்டினா. ஆனாலும் லைலா, இப்பவும் எனக்கு அதை எறிய மனம் வராது.

அவர் சொன்ன பகிடியை வாசிச்சன். பிழை சொல்லேலா. மறுகா நானும் கண்ணாடியில பார்த்தன். வெளுக்கிற தண்ணியில நாள் முழுக்கக் கை. கையில தோல் மீன் செதிள் மாதிரி எழும்புது. கண்ணுக்குக் கீழ சுருங்கிப் போச்சு. எனக்கு முப்பத்தி நாலு வயசு. புள்ளையும் இல்ல. அவரைப் பிடிச்சு வைக்க என்னட்ட வேற என்ன இரிக்கி சொல்லு? நீ படிச்ச புள்ள. தோல் கிழடு தட்டாம இரிக்க என்ன செய்யலாம் எண்டு ஆரிட்டயும் கேட்டு எழுது. எனக்கெண்டு சொல்லாத.

உம்மாக்கும் அவருக்கும் சலாம்.

உன்ட ராத்தா
சுபைறா


சாய்ந்தமருது
18.1.1982

அன்புள்ள ராத்தா, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் கிடைத்த நாளிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. உம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறேன், சுகம்.

அந்தப் பகிடியை நான் எழுதியிருக்கக் கூடாது. நாங்கள் சிரித்தபோது நீங்கள் எங்களுக்கு நடுவில் இருப்பதுபோல இருந்தது. அதனால் எழுதிவிட்டேன்.

பத்திரிகையின் பெண்கள் பக்கத்தில் ஒரு டாக்டர் எழுதியிருந்தார். உங்களுக்காகப் பார்த்து எழுதுகிறேன். தோலை முதுமையாக்குவது வெயிலாம். வெளியே போனால் முகத்தை மறைக்க வேண்டும். சவர்க்காரத்துக்குப் பதில் பயற்றம் மாவு போட்டுக் கழுவலாம். கழுவிய ஈரம் காய்வதற்கு முன் தேங்காயெண்ணெய் தடவ வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். நேரத்துக்குப் படுத்து, நல்ல நித்திரை கொள்ள வேண்டும். கவலை கூடாது. சுருக்கம் முற்றாகப் போகாது, கூடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருக்கிறார்.

மச்சான் சுகம். கடை புதிது என்பதால் கிழமை நாளில் அக்கரைப்பற்றிலேயே தங்குகிறார். ஜும்ஆவுக்கு வருகிறார். உங்களை விசாரித்தார்.

கைக்கு உறை போட்டு வேலை செய்ய விடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள். வஸ்ஸலாம்.

லைலா


ஜித்தா
3.3.82

அன்பான லைலா, அஸ்ஸலாமு அலைக்கும். நல்லா இரிக்கன். நீங்களும் அப்பிடியே இரிக்கோணும்.

உன்ட டாக்டருக்கு ஒரு சலாம் சொல்லு. நித்திரை கொள்ளட்டாம், கவலைப்பட வேணாமாம்! அவரை இங்க வந்து ரெண்டு நாள் இந்த வீட்டுக் கக்கூசு கழுவச் சொல்லு. பயற்றம் மாவுக்கு நான் எங்க போற? எண்ணெய் தடவினா மாமா மூக்கைப் பொத்துறா.

ஆனா அல்லாஹ் ஒரு வழி விட்டிரிக்கான். பக்கத்து வீட்டில புத்தளத்துப் பொம்புள ஒண்டு வேலைக்கு நிக்கிறா. அவதான் சந்தையில வாங்கித் தந்தா. வெள்ளை டப்பி, மூடியில ரோசாப்பூ. உள்ளுக்கு வெண்ணெய் மாதிரிக் களிம்பு. சுத்திவர அரபெழுத்து. சபர், சேர் எண்ட குறி ஒண்டும் போடாத எழுத்து, தட்டித் தட்டித்தான் வாசிச்சன். வாசிக்கலாம், கருத்துத் தெரியா. கருத்து எதுக்கு? ஓதுற எழுத்துள்ள சாமான்ல கெடுதி வருமா? பிஸ்மி சொல்லிப் பூசினன்.

லைலா, நீ நம்பமாட்டாய். ஒரு கிழமை போகல்ல, முகம் துடைச்ச கண்ணாடி மாதிரி வந்திட்டு. வரியெல்லாம் மங்கிப் போச்சு. பத்து வருஷத்துக்கு முந்தி அவர் மாப்பிள்ளையா எங்கட வீட்டுக்கு வந்த அண்டைக்கு இரிந்த மாதிரி. அடுத்த வருஷம் வேலை முடிச்சிட்டு வரக்குள்ள அவர் என்னை அடையாளம் பிடிக்கக் கூடாது. அதுதான் என்ட ஆசை.

மருதமுனை ஹாஜறா ஊருக்கு வாறா. அவட்ட உனக்கும் ஒரு டப்பி குடுத்திரிக்கன். வெட்கப்பட்டு ஒளிச்சு வைக்காத. கலியாணப் பேச்சு வாற வயசு. பூசு.

ராத்தா சுபைறா


சாய்ந்தமருது
20.4.1982

அன்புள்ள ராத்தா, அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவும் நானும் சுகம்.

ஹாஜறா வந்தா. டப்பியைத் தந்தா. நான் திறக்குமுன் உம்மா வாங்கி, கண்ணாடியைப் போட்டு, அதில் உள்ளதை எழுத்துக் கூட்டி மூன்று தரம் வாசித்தா. பிறகு கண்ணில் ஒற்றி அலுமாரிக்கு மேலே, குர்ஆனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டா. "கைகால் கழுவி ஒழு எடுக்காம அதைத் தொடாத" என்று எனக்குக் கட்டளை. நான் இன்னும் பூசவில்லை. நீங்கள் கோபிக்க வேண்டாம். பளிச்சென்ற முகத்தோடு பள்ளிக்கூடம் போனால் மற்ற டீச்சர்மார் கேட்பார்கள். எனக்குப் பதில் சொல்ல வராது.

அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். மதீனாவில் ஓதிவிட்டு வந்த பதியுதீன் மௌலவி எங்கள் ஒழுங்கையில், பக்கத்தில்தானே இருக்கிறார். ஆனால் முகத்துக்குப் பூசும் சாமானை ஒரு ஆம்பிளையிடம் எப்படி நீட்டுவது? அவர் வீட்டுப் படலை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

மச்சான் சுகம். போன இரண்டு வெள்ளியும் வரவில்லை, வியாபாரம் கூடவாம். றேடியோவையும் உடுத்தும் நல்ல சாரன்களையும் கடைக்குக் கொண்டு போயிருக்கிறார்.

நோன்பு வருகிறது. உடம்பை வருத்திக்கொள்ளாதீர்கள். வஸ்ஸலாம்.

லைலா


ஜித்தா
2.7.82

அன்பான லைலா, அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு பிடிச்சுக்கொண்டு எழுதுறன். சுகம்.

இதுக்குள்ள ஒரு படம் இரிக்கி. பார்த்தியா? ஆர் எண்டு சொல்லு பார்ப்பம்! புத்தளத்துப் பொம்புள, உனக்கு இருவத்தஞ்சு வயசுக்கு மேல ஆரும் சொல்லமாட்டாங்க எண்டு சொன்னா. மாமா டப்பியைக் கண்டுட்டுப் பறிச்சு, என்னமோ கத்தினா. ஒண்டும் விளங்கல்ல. வேலைக்காரி தன்னை விட வெள்ளையா வந்தா ஆருக்குப் பிடிக்கும்? அவ எறிஞ்சதை எடுத்துத் துடைச்சு, தலகாணிக்குக் கீழ வைச்சிரிக்கன்.

படத்தை அவர்ட கையில நீயே குடு. உம்மாட்டக் குடுத்து விடாத. அவர் பார்க்கக்குள்ள அவர்ட முகத்தைப் பாரு. என்ன சொல்றாரோ அதை ஒரு எழுத்தும் விடாம எழுது. போன படத்துக்குச் சொன்னதை எழுதினாய்தானே, அதே மாதிரி.

பெருநாளுக்கு நீ சிவப்புச் சாரி உடு. உம்மாக்குச் சலாம்.

சுபைறா


சாய்ந்தமருது
10.9.1982

அன்புள்ள ராத்தா, அஸ்ஸலாமு அலைக்கும். பதில் சுணங்கியதற்கு மன்னிக்கவும். பரீட்சை, விடைத்தாள் என்று நாட்கள் போய்விட்டன. உம்மா சுகம்.

படத்தோடு நானே அக்கரைப்பற்றுக் கடைக்குப் போனேன். மச்சான் பார்த்தார். அழகாக இருக்கிறாய் என்று எழுதச் சொன்னார். வயது குறைந்துவிட்டது என்றார். அவர் சுகம்.

ராத்தா, நிறம் வந்துவிட்டதுதானே, இனி அந்தக் களிம்பு போதும். உங்கள் கடைசிக் கடிதத்தில் எழுத்துகள் நடுங்கி இருக்கின்றன. "லைலா" என்ற என் பேரே கோணலாகக் கிடக்கிறது. காய்ச்சல் ஏதுமா? மறைக்காமல் எழுதுங்கள்.

பருவ மழைக்கு முன் முற்றத்துக்கு மண் போட வேண்டும் என்று உம்மா சொல்கிறா. நீங்கள் வைத்த மல்லிகை பூக்கிறது. வேறு விசேஷம் இல்லை. வஸ்ஸலாம்.

லைலா


ஜித்தா
14.11.82

அன்பான லைலா, அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவும் நீயும் சுகமா?

அவர் அழகா இரிக்கிறாய் எண்டு சொன்னாரா? பத்து வருஷத்தில அந்தச் சொல்லு அவர்ட வாயில வரல்லியே. அவர் பகிடிதான் கதைப்பார். சரி. சொல்லியிரிப்பார்.

பேனை சரியில்ல, அதால எழுத்து நடுங்குது. மெய்யைச் சொன்னா கையும் கொஞ்சம் நடுங்குதுதான். பீங்கான் ரெண்டு உடைஞ்சு மாமாட்ட ஏச்சு வாங்கினன். வாயில எந்த நேரமும் செம்புக் காசு சூப்பின ருசி. பல்லு முரசில இரத்தம் வருது. கால் வீங்கிச் செருப்புக் கொள்ளுதில்ல. நிண்டு வேலை செய்றதால இரிக்கும்.

நீ களிம்பை விடச் சொல்றாய். நான் ரெண்டு நாள் விட்டுப் பார்த்தன். முகம் கறுத்துத் திட்டுத் திட்டாக் கிளம்புது, பழைய கறுப்பில்ல, சோத்துப் பானையிட அடி மாதிரி. இந்த முகத்தோட நான் எப்பிடி வீட்டு வாசல்ல ஏறுற? மறுகா பூசத் துவங்கிட்டன். இப்ப காலையிலயும் ராவைக்கும் பூசுறன்.

மாமாவோட ஹஜ்ஜுக்குப் போனன். அல்லாஹ் ஏத்துக் கபூலாக்குவானாக. மினாவில அக்கரைப்பற்றுப் பொம்புள ஒண்டைக் கண்டன். ஊர்க் கதை கதைச்சம்.

அவர் சுகமா எண்டு எழுது. மறக்காம எழுது.

சுபைறா


சாய்ந்தமருது
8.12.1982

அன்புள்ள ராத்தா, அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா சுகம். இந்தக் கடிதத்தை ஓரிடத்தில் இருந்துகொண்டு வாசியுங்கள்.

முதலில், அந்தக் களிம்பை இன்றோடு விடுங்கள். திட்டு வந்தாலும் விடுங்கள். உங்கள் கடிதத்தை வாசித்த கையோடு நான் டப்பியைச் சீலையில் சுற்றிக்கொண்டு மௌலவி வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி றபீக்கா என்னோடு படித்தவள். அவள் வாங்கி உள்ளே கொண்டு போனாள். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். மௌலவி டப்பியைத் திருப்பித் திருப்பி வாசிப்பது கேட்டது. பிறகு, "தங்கச்சி, இதில பாதரசம் இரிக்கி. பத்து நாளைக்கு மேல பூசக்கூடா, டாக்டர் சொல்லாமத் தொடக்கூடா எண்டு போட்டிரிக்கி. ஆரு பூசுற?" என்றார். "இவ்வளவும் இதிலயே எழுதிக் கிடக்குதே, வீட்டில ஆரும் வாசிக்கல்லியா?" என்றும் கேட்டார்.

வாசித்தோம். உம்மா மூன்று தரம் வாசித்தா. நீங்களும் வாசித்தீர்கள். படலை வரை போன அன்று நான் இன்னும் நாலடி எடுத்து வைத்திருந்தால் சித்திரை மாதமே உங்களுக்கு எழுதியிருப்பேன்.

உடனே வீட்டுக்காரம்மாவிடம் சொல்லி டாக்டரிடம் போங்கள். அவ அன்றைக்குக் கத்தியது இதைச் சொல்லத்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது. நான் எழுதியதில் பொய் இருக்கிறது. படத்தோடு அக்கரைப்பற்றுக்குப் போனது மெய். மச்சான் ஒருவருக்குச் சீத்தைத் துணி அளந்துகொண்டிருந்தார். கடைக்குப் பின்பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் தேத்தண்ணி கொண்டு வந்தாள். என் பள்ளிக்கூடத்துப் பெரிய வகுப்புப் பிள்ளைகளை விட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். என்னைக் கண்டு மச்சான் கொஞ்சமும் தடுமாறவில்லை. "சுல்பிகா, இது சுபைறாட தங்கச்சி. இன்னொரு தேத்தண்ணி கொண்டா" என்றார். அவள் எனக்கு முதலில் ஸலாம் சொன்னாள். நான் அந்தத் தேத்தண்ணியைக் குடித்தேன், ராத்தா. படம் கைப்பைக்குள்ளேயே இருந்தது. இன்னும் இருக்கிறது. அழகாக இருக்கிறாய் என்பது பஸ்ஸில் வரும்போது நான் உண்டாக்கிய சொல்.

நோன்புக்கு முந்திய மாதம் அவர்களுக்கு நிக்காஹ் நடந்ததாம். இங்கே அவருடைய சாமான் ஒன்றும் இல்லை. கடைசியாகத் தலையணையை எடுக்க வந்தபோது உம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டா.

இனி யாருக்காகவும் பூச வேண்டாம். வாருங்கள். வீடு உங்களுடையது. அதை ஒருவரும் தூக்கிக்கொண்டு போகவில்லை.

டப்பியைக் குப்பையில் எறியப் போனேன். உம்மா விடவில்லை. நஞ்சு என்று சொன்னேன். "நஞ்செண்டாலும் எழுத்து மிதிபடக் கூடா" என்று திரும்ப அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டா.

லைலா


ஜித்தா
15.1.83

என்ட லைலா, அஸ்ஸலாமு அலைக்கும். நீ அழாத. உம்மாட முழங்கால் எப்பிடி?

மாமா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனா. கிட்னி பழுதாப் போச்சாம். டாக்டர் டப்பியைப் பார்த்துத் தன்ட தலையில அடிச்சார். மாமா அழுதா. அவ அண்டைக்குக் கத்தினது அதுக்குத்தான். நீ சொன்னது சரி.

மற்ற விசயம் எனக்குத் தெரியும். மினாவில கண்ட பொம்புள, புதுத் துணிக்கடை ஜவுபர்ட பொண்டாட்டி எங்கட ஒழுங்கைதான், சின்னப் புள்ள, வாயும் வயிறுமா இரிக்கி எண்டு சொன்னா. நான் ஆர் எண்டு அவக்குத் தெரியா. நான் ஓம், ஓம் எண்டு கேட்டுக்கொண்டிரிந்தன். அந்தப் பொம்புளட புள்ளைக்குப் பேரீச்சம்பழமும் வாங்கிக் குடுத்தன்.

தெரிஞ்சும் ஏன் பூசினாய் எண்டு நீ கேப்பாய். உன்ட கடிதத்தில மச்சான் சுகம் எண்டு இரிக்கும். நீ படிச்ச புள்ள, பொய் எழுதமாட்டாய். அந்தப் பொம்புள ஆளை மாறிச் சொல்லியிரிப்பா எண்டு நினைப்பன். உன்ட பழைய கடிதங்களை எடுத்து வாசிச்சிட்டு, டப்பியைத் திறப்பன். அவர் சுகம் எண்டு மறக்காம எழுது எண்டு கேட்டது அதுக்குத்தான். உன்னைக் குறை சொல்லல்ல, லைலா. நீ எழுதல்ல எண்டாலும் நான் பூசியிரிப்பன். கஃபாக்கு முன்னால நிண்டு என்ன கேட்டன் தெரியுமா? ஈமானைக் கேக்கல்ல, மௌத்துக்குப் பிறகு சுவர்க்கத்தைக் கேக்கல்ல. தோலைக் கேட்டன்.

அடுத்த மாதம் மாமா டிக்கட் போட்டுத் தாறா. பாஸ்போட்டில உள்ள முகமும் என்ட முகமும் ஒண்டில்ல எண்டு புதுப்படம் எடுக்கச் சொன்னாங்க. அதில ஒண்டு இதுக்குள்ள வைச்சிரிக்கன். முகம் ஊதிக் கிடக்கு, திட்டு மூக்கு வரைக்கும் வந்திட்டு. நான் வாறதுக்கு முதல் உம்மாக்கு இதைக் காட்டிப் பழக்கு. முதல் நாள் தூரத்தில வைச்சுக் காட்டு. மறுகா கையில குடு. நான் பஸ்ஸால இறங்கக்குள்ள உம்மா கத்தினா ஊர் கூடிடும்.

உன்ட கைப்பைக்குள்ள இரிக்கிற படத்தைக் கிழிச்சிடு. அதில இரிக்கிற பொம்புளை ஆர் எண்டு எனக்கே தெரியா. டப்பி அங்கயே இரிக்கட்டும். அதில ஒட்டின எழுத்துக் கடதாசியை உரிச்சு நானே கடல்ல விடுறன். ஒரு எழுத்தும் விடாம வாசிச்சவள் நான்தானே.

ஒண்டு மட்டும் செய். இது சுபைறாவா, சுபைறாட உம்மாவா எண்டு ஆரும் கேட்டா, சுபைறாதான் எண்டு நீ சொல்லு. நான் சொன்னா நம்பமாட்டாங்க.

உன்ட ராத்தா